வேரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்: காட்டுக் காளான் கேள்வி-பதில்

கேள்வி: மழை பிடித்ததும் புளியரை, ஆரியங்காவு ரோட்டோரம் இலையில் பொதிந்து புற்றுக் காளான் விற்கிறார்கள். விலையும் கொஞ்சநஞ்சமில்லை. எதைப் பார்த்து வாங்குவது? (செங்கோட்டை வாசகி)

முதலில் அடியைப் பாருங்கள். மண்ணுக்குள் கறையான் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து கிளம்பி வருவது புற்றுக் காளான். அதனால் தண்டு மண்ணுக்குக் கீழும் வால்போல் ஒல்லியாகி நீளும். கவனமாகத் தோண்டியிருந்தால் அந்த வேர் கூடவே வரும். குடையின் உச்சியில் கூரான குமிழ் ஒன்று இருக்கும். விரலால் அமுக்கினால் மற்ற இடத்தைவிடக் கெட்டியாகத் தெரியும். தண்டு நார்நாராகக் கிழியும். அடியில் கிண்ணமோ பை போன்ற உறையோ கிடையாது.

அடியை வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தால் வாங்காதீர்கள். ஆளைக் கொல்லும் அமானிட்டா காளானைக் காட்டிக்கொடுப்பதே அடியிலுள்ள அந்த உறைதான்; கத்தி வைத்தால் அது மண்ணோடு போய்விடும். விற்பவர் நல்ல எண்ணத்தில்தான் வெட்டியிருப்பார். இருந்தாலும் அந்தக் கட்டு வேண்டாம்.

பாதி விரிந்த மொட்டாக எடுங்கள். முழுக்க விரிந்தது சாயங்காலத்துக்குள் குழைந்துவிடும். ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள், ஊசித் துளை தெரிந்தால் உள்ளே புழு. வேர் மண்ணை உதிர்த்த பிறகே எடை போடச் சொல்லுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து அழுகும்; இலையோ காகிதமோ போதும். ஏலக்காய்த் தோட்டத்தில் எடுத்தது என்றால் விட்டுவிடலாம், அங்கே அடிக்கிற மருந்து கொஞ்சமில்லை.

கூட்டமாக முளைக்கும் சின்ன அரிசிக் காளானுக்கு இந்த நீள வேர் இருக்காது. அதை, பார்த்துப் பழகியவர் பறித்துத் தந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டு முன் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக முளைத்திருக்கிறது. சாப்பிடலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். மழைக்குப் புல்தரையில் இப்படி வருவதில் குளோரோஃபில்லம் என்ற நச்சு வகை ரொம்ப சகஜம். இளசில் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் வெள்ளையாகவே இருந்து ஏமாற்றும், முற்றினால் பச்சை ஏறும். சந்தேகம் இருந்தால் குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்பாக உள்ள தாளில் மடிப்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். பச்சைத் தூள் படிந்தால் குளோரோஃபில்லம். வெள்ளையாகப் படிந்தாலும் தூக்கிப் போடுங்கள், அமானிட்டாவின் தூள் வெள்ளைதான். புற்றுக் காளான் தூள் வெளிர் ரோஜா நிறம். ஆனால் அந்த நிறத்திலும் விஷ வகை உண்டு. ஆக, இந்தச் சோதனை ஒதுக்கத்தான் உதவும், சாப்பிடச் சான்று தராது.

கேள்வி: கொதிக்கும்போது வெள்ளிக் காசோ பூண்டோ போட்டால், விஷம் இருந்தால் கறுக்குமாமே?

கறுக்காது. மஞ்சளோ அரிசியோ போட்டுப் பார்ப்பது, பூச்சி கடித்த தடம் பார்ப்பது எல்லாமே இதே கணக்கில்தான், எதையும் நம்ப முடியாது. நத்தை அமானிட்டாவையும் தின்னும். அந்த விஷம் வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது.

சாப்பிட்ட இரண்டு, மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு நிற்கும். ஆறு மணி நேரம் தாண்டி ஆரம்பித்தால் ரொம்பவே பயப்பட வேண்டும்: நடுவில் ஒரு நாள் தேறியது போலத் தெரிந்து, பிறகு ஈரல் கெடும். தேறிவிட்டது என்று வீட்டில் இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, மிச்சக் காளானையும் நறுக்கிப் போட்ட கழிவையும் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: வீட்டில் வளர்க்கப் புற்றுக் காளான் விதை என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (குமுளி)

ஏமாற்று. கறையான் கூடு இல்லாமல் அது குடை விடாது. வளர்க்க ஆசையென்றால் சிப்பிக் காளான் அல்லது பால் காளான் விதை வாங்குங்கள். பணம் கட்டிவிட்டீர்களா? விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் பணம் போன ரசீதையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.