லினக்ஸ் பயனர் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்துதான் நடத்த வேண்டுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் பதினைந்து பேர் சேர்ந்து லினக்ஸ் மாதிரி கட்டற்ற மென்பொருள்களுக்கான பயனர் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். தலைவர், செயலாளர், துணை விதிகள் என்று முறைப்படி நடத்த வேண்டுமா, இல்லை இப்படியே மாதம் ஒருமுறை கூடிப் பேசினால் போதுமா?

பதிவு இப்போதைக்கு வேண்டாம். ஆனால் சில விஷயங்களை முதல் மாதமே எழுதி வைத்துவிடுங்கள். கோவையில் இப்படி ஒரு குழுவில் பல வருடம் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நம் பக்கம் கூட்டுக் கிணறு வைத்திருக்கும் பங்காளிகளைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு யார் முறை என்பது வாய்ப்பேச்சுதான். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் மாற்றிக்கொள்வார்கள். ஆனால் மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு மட்டும் நோட்டில் ஏறிவிடும். எதைப் பேசி முடிக்கலாம், எதை எழுதாமல் விட்டால் சண்டை வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் இரண்டாம் வருடமே பதிவு செய்யக் கிளம்பினோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும், துணை விதிகள் வேண்டும். பதிவான பிறகு வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். துணை விதிகளை எழுதவே நான்கு கூட்டங்கள் போயின. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைஃபை வேலை செய்யாத மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திருப்பூரிலிருந்து ஒரு மாணவன் வந்திருந்தான். துணைத் தலைவர் ஒருவரா இருவரா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைச் சாயங்காலம் வரை கேட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டான். அப்புறம் அவன் வரவே இல்லை. பதிவு வேலையை அத்தோடு நிறுத்தினோம்.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியன் 1993-இல் தொடங்கியது. அதற்கென்று ஒரு சாசனம் 1998 கடைசியில்தான் வந்தது. அதற்குள் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் அதில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பைத்தான் நிரல்மொழியில் 2018 ஜூலை வரை கடைசி முடிவு அதை உருவாக்கிய கீடோ வான் ராஸம் கையில்தான் இருந்தது. அவர் விலகிய பிறகு, 2019-இல்தான் 5 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினைந்து பேருக்கு என்ன அவசரம்?

பதிவு வேண்டும் என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இரண்டு. வங்கிக் கணக்கு, லெட்டர் பேடு. கல்லூரியில் ஆய்வகம் கேட்டால் “சீல் வெச்ச லெட்டர் குடுங்க” என்பார்கள். அங்கேயே பேராசிரியர் ஒருவரைப் பிடித்து, துறை நிகழ்ச்சியாக அனுமதி வாங்கச் சொன்னால் அந்தச் சிக்கல் தீரும். பணத்தை அன்றன்றைக்கே வசூலித்து அன்றன்றைக்கே செலவழியுங்கள். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இரவே குழுவில் போட்டுவிடுங்கள். யாராவது பெரிய தொகை தர முன்வந்தால், சாப்பாட்டுக்காரருக்கோ மண்டபத்துக்கோ அவர்களையே நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் நாங்கள் நிறையவே இழந்தோம். எங்கள் இணையதள முகவரியை வாங்கிய அண்ணா, தன் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்து வைத்திருந்தார். வேலைக்கு பெங்களூர் போனார், அந்த மின்னஞ்சல் மூடப்பட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. முகவரி வேறு யாருக்கோ போய்விட்டது. தமிழில் எழுதி வைத்திருந்த நிறுவல் குறிப்புகளில் பாதியைத்தான் மீட்க முடிந்தது. அவர் மேல் தப்பில்லை. இரண்டு பேர் கையில் சாவி இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் தப்பு.

இதையெல்லாம் விட எனக்கு இன்றும் மனசு உறுத்துவது வேறு. வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் தொலைபேசி எண்ணும் எழுதச் சொல்வோம். அதிலிருந்து ஒரு கல்லூரி மாணவியின் எண்ணை எடுத்து, எங்களில் ஒருவர் ராத்திரி நேரத்தில் செய்தி அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பெண் பேசாமல் வருவதை நிறுத்திவிட்டாள். மூன்று மாதம் கழித்து அவள் தோழி வந்து சொல்லித்தான் தெரிந்தது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். “யாருகிட்டண்ணா சொல்றது? எல்லாரும் அவருக்கு ஃப்ரெண்ட்ஸ்தானுங்க” என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் நண்பர்கள், இங்கே தலைவர் யாரும் கிடையாது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். அந்தப் பெருமை அவளைத் தனியாக விட்டுவிட்டது. அந்த ஆளை விலக்கினோம். அதற்குக்கூட, விலக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று இரண்டு வாரம் பேச வேண்டியிருந்தது.

அதன் பிறகு பதிவேட்டில் தொலைபேசிக் கட்டத்தையே எடுத்துவிட்டோம். புகார் சொல்ல இரண்டு பேரை நியமித்தோம், அதில் ஒருவர் எங்களோடு நீண்ட நாள் இருக்கும் ஓர் அக்கா. அவர்கள் பெயரும் எண்ணும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் பலகையில் எழுதப்படும். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒருவரை வர வேண்டாம் என்று சொன்னால் அதுதான் முடிவு. எங்கள் குழுவில் உண்மையான விதி என்று சொன்னால் இது ஒன்றுதான்.

மற்றபடி யார் பேசுவது, என்ன தலைப்பு, தேநீரா போண்டாவா, எல்லாம் அன்றைய கூட்டமே முடிவு செய்யட்டும். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும். புரொஜெக்டர் மாதிரி ஏதாவது குழுவின் பெயரில் வாங்கும்போதோ, வருடக் கடைசியில் கையில் பணம் மிஞ்ச ஆரம்பித்தாலோ, பதிவைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

உங்கள் இணையதள முகவரி இப்போது யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை மட்டும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.