கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரே விடை: கேள்வி பதில்

ஓர் எண்ணை அதனோடே கூட்டினால் அதன் வர்க்கம் வர வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் எவை? போன வாரம் நான் கேட்ட புதிர் இது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

2 தானே சார் விடை? இதில் புதிர் எங்கே இருக்கிறது?

2 சரிதான். 2+2=4, 2×2=4. ஆனால் 0வும் இருக்கிறதே! 0+0=0, 0×0=0. ‘எண்கள்’ என்று நான் பன்மையில் கேட்டது அதற்காகத்தான். இந்த இரண்டையும் விட்டால் முழு எண், பின்னம், தசமம் எதிலுமே வேறு விடை கிடையாது.

நான் பத்தாம் வகுப்பு. ‘எக்ஸ் வர்க்கம் = 2 எக்ஸ்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் ஒரு எக்ஸை அடித்தேன். எக்ஸ் = 2 மட்டும்தான் வந்தது. பூஜ்யம் எங்கே போனது?

நீ போட்ட அந்தச் சாய்கோட்டோடு போய்விட்டது தம்பி. அடிப்பது என்றால் வகுப்பது. எக்ஸ் பூஜ்யமாக இருந்தால் அதால் வகுக்கவே முடியாது. இருக்கலாமா, கூடாதா என்று பார்ப்பதற்கு முன்பே அடித்துவிட்டாய். விடைத்தாள் திருத்திய காலமெல்லாம் நான் அதிகம் பார்த்து வருத்தப்பட்ட தவறு இது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டு வா, பொதுவாக இருக்கும் எக்ஸை வெளியே எடு: எக்ஸ் × (எக்ஸ் − 2) = 0. பெருக்கினால் பூஜ்யம் வருகிறது என்றால் இரண்டில் ஒன்று பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். ஆக எக்ஸ் 0, இல்லையென்றால் 2. மூன்றாவது விடை இல்லை என்பதற்கும் இதுவே நிரூபணம்.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி, தன் இயற்கணித நூலில் இந்த வகைச் சமன்பாட்டைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார். வர்க்கம் ஐந்து மூலங்களுக்குச் சமமானால் (மூலம் என்பது நம் எக்ஸ்) மூலம் 5, வர்க்கம் 25 என்கிறார். 0 என்ற விடையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பூஜ்யத்தைக் கூட்டவும் பெருக்கவும் நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இலேயே விதி எழுதியிருந்தார்.

−2 வராதா?

வராது. கூட்டினால் −4, பெருக்கினால் +4.

ஒரே எண்ணாக இல்லாமல் இரண்டு வேறு எண்கள் இப்படி அமையுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 3, ஒன்றரை: கூட்டினாலும் நாலரை, பெருக்கினாலும் நாலரை. 5, ஒன்றேகால்: இரண்டு வழியிலும் ஆறேகால். ஏன் என்று பாருங்கள். 5ஐ ஒன்றேகாலால் பெருக்குவது என்றால் ஒரு முழு 5, அதோடு 5இல் கால் பங்கு. அந்தக் கால் பங்கே ஒன்றேகால்தான்! ஆகவே 5 + 1¼. நம் பழைய பின்ன வாய்ப்பாட்டில் வரும் அரைக்காலையும் (1/8) மாவையும் (1/20) வைத்துச் செய்து பாருங்கள். 9க்கு ஜோடி ஒன்றே அரைக்கால். 21க்கு ஜோடி ஒன்றும் ஒரு மாவும்.

ஜோடியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு எண்ணிலிருந்தும் தலா 1 கழியுங்கள். மிச்சங்களைப் பெருக்கினால் 1 வர வேண்டும். 3இல் மிச்சம் 2, ஒன்றரையில் மிச்சம் அரை, பெருக்கினால் 1. முழு எண்கள்தான் வேண்டும் என்றால் மிச்சங்கள் 1, 1 அல்லது −1, −1 ஆகத்தான் இருக்க முடியும். அப்போது கிடைப்பது 2, 2 அல்லது 0, 0. சுற்றி வந்து அதே இரண்டு விடைகள்!

மூன்று எண்கள்?

1, 2, 3. இரண்டு வழியிலும் 6. ஒரே எண்ணை மூன்று முறை எடுத்தால் 3இன் வர்க்கமூலம், சுமார் 1.732. அதன் குறை எண்ணும் (சுமார் −1.732) பூஜ்யமும் கூட அமையும்.

கடிகாரத்தில் 12ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறோம். அந்தக் கணக்கிலும் 0, 2 மட்டும்தானா?

அருமையான கேள்வி! அங்கே நான்கு விடைகள் உண்டு: 0 (அதாவது 12), 2, 6, 8. எட்டைப் பாருங்கள். 8+8=16, முள் 4இல் நிற்கும். 8×8=64, அதில் ஐந்து சுற்று 60 போக மீண்டும் 4. ஆறுக்கு 12, 36. இரண்டும் உச்சியில்தான் நிற்கும். காரணம், மேலே தம்பிக்குச் சொன்ன விதி கடிகாரத்தில் செல்லாது. எட்டும் பூஜ்யமில்லை, அதிலிருந்து 2 கழித்து வரும் ஆறும் பூஜ்யமில்லை. ஆனாலும் 8×6=48, நாலு முழுச் சுற்று, அதாவது பூஜ்யம்.

வாரக் கணக்கில், அதாவது 7ஐத் தாண்டினால் திரும்ப எண்ணும்போது, 7 பகா எண் என்பதால் அப்படி நடக்காது. மறுபடி 0, 2 மட்டும்தான். 0 முதல் 6 வரை ஏழு எண்கள்தானே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.