அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலுள்ள பழைய அப்சிந்த் ஹவுஸ் மதுக்கூடம் பற்றிய கதைகளில் எதை நம்பலாம்? அப்சிந்த் போன்ற சோம்பு மணமுள்ள மது நீர் பட்டதும் ஏன் வெளுக்கிறது?

இரண்டு கேள்விகளும் அந்த மதுக்கூடத்துப் பளிங்கு நீரூற்றில் வந்து சேர்வதால், சேர்த்தே விடை சொல்கிறேன்.

போர்பன் தெருவும் பியன்வில் தெருவும் சந்திக்கும் மூலையிலுள்ள அந்தக் கட்டடம் 1806ஆம் ஆண்டையொட்டி, இறக்குமதி வணிகத்துக்காகக் கட்டப்பட்டது. 1815இல் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த நியூ ஆர்லியன்ஸ் போருக்கு முன் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனும் கடற்கொள்ளையன் ஜான் லஃபீட்டும் அதன் மாடியில் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள் என்பதே அங்கு அதிகம் சொல்லப்படும் கதை. லஃபீட்டின் ஆட்கள் ஜாக்சனுடன் நின்று போரிட்டது வரலாறு. அவர்கள் கூடிய இடம் இதுதான் என்பதற்கு அக்காலச் சான்று இல்லாததால் நான் அதை ஏற்பதில்லை. மேலும், கட்டலோனியரான கயெட்டானோ ஃபெரர் என்பவர் இதை எடுத்து நடத்தி 'அப்சிந்த் அறை' என்று பெயரிட்டது 1874இல்தான். இடத்தின் உண்மையான புகழ் அவரோடுதான் தொடங்குகிறது.

அவர் காலத்து வாடிக்கையாளர் முன்னால் இருந்தது பித்தளைக் குழாய்கள் பொருத்திய பளிங்கு நீரூற்று. பச்சை மது உள்ள கோப்பையின் மேல் துளையிட்ட கரண்டியை வைத்து, அதில் சர்க்கரைக் கட்டியை இட்டு, குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஆண்டுக்கணக்கில் நீர் சொட்டியதால் அந்தப் பளிங்கு குழி விழுந்திருக்கிறது என்பார்கள். எனக்குக் கொள்ளையன் கதையைவிட அந்தக் குழிகளே பெரிதாகத் தெரிகின்றன.

வெளுப்பதற்குக் காரணம் அனெத்தோல் என்னும் எண்ணெய்ப் பொருள். நம் சமையலறைச் சோம்புக்கும் அன்னாசிப்பூவுக்கும் மணம் தருவதும் அதுவே. அது சாராயத்தில் நன்கு கரையும், நீரில் கரையாது. நீர் சேரச் சேரச் சாராயத்தின் அடர்த்தி குறைந்து, எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிகிறது. அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் கோப்பை பால்போல் கலங்குகிறது. கிரேக்கத்தின் ஊசோ, துருக்கியின் ராக்கி, பிரான்சின் பாஸ்டிஸ் எல்லாவற்றிலும் இதுவே நடக்கிறது. நீரை மெல்ல விட்டால், மணம் படிப்படியாக எழுவதையும் உங்களுக்கேற்ற அளவில் நிறுத்துவதையும் நீங்களே தீர்மானிக்கலாம்.

அப்சிந்தில் சேரும் எட்டிக்கசப்பான ஒரு மூலிகை, மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்தது, பித்துப் பிடிக்க வைக்கும் என்ற அச்சத்தால் அமெரிக்கா 1912இல் அந்த மதுவைத் தடைசெய்தது. உண்மையில் பெருங்கேடு செய்தது அதிலிருந்த மிகுதியான சாராயமே. மதுவிலக்கு நீங்கிய பின், 1934இல், அதே நகரத்தில் அந்த மூலிகை இல்லாத ஹெர்ப்செயின்ட் என்னும் சோம்பு மது வந்தது. சாசராக் என்னும் விஸ்கிக் கலவைக்காகக் கோப்பையின் உட்புறத்தில் இன்றும் பல இடங்களில் பூசப்படுவது அதுதான். அப்சிந்துக்கே அனுமதி திரும்பியது 2007இல்.

சர்க்கரையில் தீ மூட்டிக் காட்டுவது 1990களில் செக் நாட்டு மதுக்கூடங்களிலிருந்து பரவிய வழக்கம்; ஃபெரரின் மேசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கருகிய சர்க்கரை சோம்பின் மணத்தை அமுக்கிவிடும் என்பதால், யாராவது அப்படித் தர முன்வந்தால் வேண்டாமென்று சொல்லிவிட்டு, குளிர்ந்த நீரைக் கேட்டு வாங்குங்கள்.