பாகிஸ்தான்: கொடையும் உரிமையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்காளராக இருக்கிறேன். என்னுடன் அறையில் தங்கியிருப்பவர் பாகிஸ்தானின் மர்தான் நகரைச் சேர்ந்த டிரெய்லர் ஓட்டுநர். சென்ற ஆண்டு நான் டைபாய்டில் படுத்திருந்தபோது, அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எனக்குக் கஞ்சி வைத்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போவார். சொந்த அண்ணன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். சமீபத்தில்தான், அதே மர்தானின் பல்கலைக்கழகத்தில் 2017-இல் மஷால் கான் என்ற மாணவனை மதநிந்தனை செய்தான் என்று சொல்லி சக மாணவர்களே அடித்துக் கொன்றதைப் பற்றிப் படித்தேன். அவரிடம் கேட்டபோது, “அந்தப் பேச்சு வேண்டாம் தம்பி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மக்கள் நல்லவர்கள், அரசும் ராணுவமும்தான் மோசம் என்று பலரும் சொல்வதை நம்பலாமா? இல்லை, இந்த அன்பு வெறும் மேற்பூச்சுதானா?

எஸ்., ஷார்ஜா

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் காட்டிய அன்பை மேற்பூச்சு என்று ஒரு கணமும் நினைக்க வேண்டாம். ஆனால் மக்கள் வேறு, அரசு வேறு என்று பிரித்துவைத்து ஆறுதல் தேடிக்கொள்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பாகிஸ்தானின் அன்றாட வாழ்க்கையைத் தாங்கி நிற்பது மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுப்பதுதான். கொடுப்பவரும் பெறுபவரும் சட்டத்தின் முன் சமமானவர்கள் என்ற எண்ணத்தை மட்டும் அங்கே வேரூன்ற விடவில்லை. உங்கள் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கொடுப்பதிலிருந்து தொடங்குகிறேன். ரமலான் மாதத்தில் கராச்சியின் சாலைச் சந்திப்புகளில், நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது, இளைஞர்கள் பேரீச்சம்பழப் பொட்டலங்களையும் சர்பத்தையும் ஓடும் வண்டிகளுக்குள் நீட்டுவார்கள். உள்ளே இருப்பவர் யார், எந்த மதம் என்று பார்ப்பதில்லை. அந்த மாதத்தின் முதல் நாளன்று வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து இரண்டரை சதவீதத்தை ஏழைகளுக்கான கட்டாய மதக்கொடையான ஜகாத்தாக அரசே பிடித்துக்கொள்ளும் முறையை 1980-இல் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இன்றுவரை ஏராளமானோர் ரமலானுக்கு முன்பே பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் எல்லோரும் ஜகாத் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர். அரசின் கையில் போனால் ஏழைக்குப் போய்ச் சேராது என்று எண்ணி, தாங்களே உறவினருக்கும் வேலைக்காரருக்கும் மருத்துவமனைகளுக்கும் தங்கள் கையால் கொடுப்பவர்கள் அவர்களில் மிகப் பலர். அந்தச் சமூகம் தன் அரசை எப்படிப் பார்க்கிறது என்பதை இந்த ஒரு பழக்கமே காட்டிவிடும்.

இந்தக் கொடையின் ஆகப்பெரிய வடிவம் அப்துல் சத்தார் எதி. குஜராத்தின் பாண்ட்வா ஊரில் பிறந்து, பிரிவினையின்போது கராச்சிக்குப் போனவர். அரசிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல், தெருவில் நின்று கையேந்திச் சேர்த்த பணத்தில் ஆம்புலன்ஸ்களையும் அனாதை இல்லங்களையும் பிணவறைகளையும் நாடு முழுவதும் நடத்தினார். அவருடைய மையங்களின் வாசலில் ஓர் இரும்புத் தொட்டில் இருக்கும். ‘கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள்’ என்று அருகே எழுதியிருக்கும். இரவில் யாரோ ஒரு பெண் வந்து குழந்தையை அதில் விட்டுப் போவாள். அவள் யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். எதியும் அவர் மனைவி பில்கிஸும் இப்படி ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். வழிதவறி எல்லை கடந்துபோன, காது கேளாத வாய் பேசாத இந்தியப் பெண்ணுக்குக் கீதா என்று பெயரிட்டு, அவள் வழிபட இந்துக் கடவுள் படங்களை வாங்கிவைத்து வளர்த்தவர் பில்கிஸ். 2015-இல் கீதா இந்தியா திரும்பியபோது நம் பிரதமர் அறிவித்த ஒரு கோடி ரூபாயை எதி பணிவுடன் மறுத்தார். 2016-இல் இறந்தபோது தன் கண்களையும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதே எதியைத்தான் மதகுருமார் பலர் வாழ்நாள் முழுவதும் வசைபாடினார்கள். முறை தவறிப் பிறந்த குழந்தைகளை ஏற்பது பாவத்துக்குத் துணைபோவது என்றார்கள். இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் ஏன் ஆம்புலன்ஸில் ஏற்றுகிறாய் என்று ஒருவர் கேட்டதற்கு, என் ஆம்புலன்ஸ் உன்னைவிடச் சிறந்த முஸ்லிம் என்று எதி பதில் சொன்னதை இன்றும் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். என்னை மேலும் ஈர்ப்பது அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு செயல். பெற்றோர் பெயர் தெரியாத குழந்தைகளுக்குத் தேசிய அடையாள அட்டை கிடைக்காமல் இருந்தது. அட்டை இல்லாமல் அங்கே படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. எதி அதற்காக உச்ச நீதிமன்றம்வரை போனார். அதன் பிறகுதான் இல்லத்தின் பொறுப்பாளரைக் காப்பாளராகக் காட்டி அட்டை பெற வழி பிறந்தது. உணவும் படுக்கையும் கொடுப்பதோடு தன் கடமை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை.

ஆனால் பெரும்பாலோர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போட அவன் எனக்குச் சமமானவன் என்று நான் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அவனுக்கு என் நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்வது முற்றிலும் வேறு காரியம். 1974-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தங்களை முஸ்லிம்களாகவே கருதும் சிறு பிரிவினரான அகமதியர்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்தது தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம். ராணுவ ஆட்சி அல்ல. மதநிந்தனைச் சட்டத்தில் மரண தண்டனையை 1986-இல் சேர்த்தது ஜியாவின் காலம்தான், ஆனால் அதன் பின் வந்த எந்த அரசும் அதை நீக்கத் துணியவில்லை. பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்டார் என்பதற்காக 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே அவரைச் சுட்டுக் கொன்றார். கொலையாளி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது வழக்கறிஞர்கள் அவர்மேல் ரோஜா இதழ்களைத் தூவினார்கள். சட்டம் படித்தவர்கள், எஸ்.! அவர்களில் பலரும் ரமலானில் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர்களாகவே இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். அதுதான் என்னை வதைக்கிறது.

மஷால் கானின் கதையும் இப்படித்தான். அவன் மதநிந்தனை செய்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று கூட்டு விசாரணைக் குழு சொன்னது; பல்கலைக்கழக நிர்வாகத்தின் முறைகேடுகளைப் பற்றி அவன் வெளிப்படையாகப் பேசிவந்தவன். சொந்த ஊரில் இறுதித் தொழுகை நடத்த உள்ளூர் மதகுரு மறுத்தார். 2018 பிப்ரவரியில் ஒருவருக்கு மரண தண்டனையும் ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. 26 பேர் விடுவிக்கப்பட்டார்கள். விடுதலையானவர்கள் மர்தான் திரும்பியபோது மதக் கட்சியினர் மாலையிட்டு வரவேற்றார்கள். உங்கள் நண்பர் அந்த ஊர்க்காரர். அந்த வரவேற்பில் கலந்துகொண்டவர்கள் அவருடைய தெருவிலேயே இருக்கக்கூடும். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அவர்களுக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். ஷார்ஜாவில் சொன்ன ஒரு சொல் வாட்ஸப்பில் மர்தான் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவருடைய மௌனத்தை உடன்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மீண்டும் கேட்டு அவரை நெருக்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் சியால்கோட்டில் இலங்கையைச் சேர்ந்த ஆலை மேலாளர் பிரியந்த குமாரவைக் கும்பல் கொன்றபோது, மாலிக் அட்னான் என்ற சக ஊழியர் தன் உடலால் அவரை மறைத்து நின்றார். அப்படி நின்றவர்களும் உண்டு. அந்தத் துணிவை எல்லோரிடமும் எதிர்பார்க்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இதற்கு மதம் மட்டுமே காரணம் என்று நினைத்தால் இன்னொரு பக்கம் கண்ணில் படாமல் போய்விடும். பொதுவாக எல்லோருக்கும் சேரவேண்டிய ஒன்றை அரசிடம் கேட்டுப் பெறுவதை அங்கே பலரும் கைவிட்டுவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் டேங்கர், பள்ளி சரியில்லையென்றால் தனியார் பள்ளி, பாதுகாப்பு இல்லையென்றால் துப்பாக்கியுடன் ஒரு காவலாளி என்று வசதியுள்ளவர்கள் வாழப் பழகிவிட்டார்கள். இப்போது மின்சாரமும் அப்படி ஆகியிருக்கிறது. கட்டணம் தாங்க முடியாமல் உயர்ந்ததால் மக்கள் சூரியத் தகடுகளுக்கு மாறினார்கள். 2024-இல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் திறனுள்ள தகடுகள் இறக்குமதியாயின. உலகமே வியந்து பாராட்டியது, நானும் பாராட்டுகிறேன். ஆனால் மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மின்நிலையங்களுக்கு அரசு கொடுக்கவேண்டிய நிலையான தொகை குறையவில்லை. அதைத் தகடு வாங்க வழியில்லாத வாடகை வீட்டுக்காரரும் சிறு கடைக்காரரும் சேர்ந்து சுமக்கிறார்கள். அந்த வாடகை வீட்டுக்காரருக்குத் தகடு வைத்த வீட்டிலிருந்து பெருநாளன்று பிரியாணி போகும், மின்கட்டணத்தைப் பற்றிச் சேர்ந்து போராட மட்டும் யாரும் வர மாட்டார்கள்.

வேறு வழியைக் காட்டியவர்களும் கராச்சியிலேயே இருந்தார்கள். ஒரங்கி என்ற மாபெரும் குடிசைப்பகுதியில் அன்று சாக்கடை கிடையாது. கழிவுநீர் சந்துகளில் ஓடும். பிரிட்டிஷ் இந்தியாவின் உயர் ஆட்சிப்பணியான ஐ.சி.எஸ். பதவியைத் துறந்தவரான அக்தர் ஹமீத் கான் 1980-இல் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இலவசமாக எதையும் கொடுக்கவில்லை. ஒரு சந்தில் உள்ள 20 முதல் 40 வீட்டுக்காரர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, தாங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டும். திட்டத்தினர் வரைபடமும் கருவிகளும் தொழில்நுட்ப உதவியும் தருவார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிச் சாக்கடை வசதி பெற்றன. ஆனால் சந்துக் குழாய்கள் போய்ச் சேரும் பெருவடிகாலை அரசுதான் கட்டவேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள், கேட்டும் பெற்றார்கள். கொடையை நம்பி இருந்திருந்தால் அந்தக் கோரிக்கையே எழுந்திருக்காது.

அக்தர் ஹமீத் கானுக்குப் பிறகு அந்தப் பணியை முன்னெடுத்தவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். நகரைச் சுற்றியுள்ள பழைய ஊர்களின் நிலங்களை வரைபடமாக்கி, அங்குள்ளவர்கள் உரிமை கோருவதற்கான ஆவணங்களை உருவாக்கினார். நகரின் குடிநீர் எங்கெங்கே திருடப்படுகிறது என்பதையும் வரைபடத்தில் குறித்தார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஏழைக்கு இரங்குகிறவரைக் கொண்டாடும் நாட்டில், ஏழைக்கு அவன் நிலத்தின் ஆவணத்தை எடுத்துக் கொடுத்தவருக்கு இது நேர்ந்தது. எதியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இவரைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்தர் ஹமீத் கான் தன் ஒரங்கி அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக எழுதியிருக்கிறார். ஷார்ஜாவில் கிடைக்காவிட்டால் தெரிவியுங்கள், என்னிடம் உள்ள பிரதியை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்