வெள்ளி டாலரை விபூதி போட்டுத் துலக்கலாமா?

டெக்சாஸில் இருக்கும் ஒரு வாசகர், பழைய வீட்டுச் சாமான்கள் விற்ற இடத்தில் இரண்டு மார்கன் டாலர்கள், அதாவது அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர் நாணயங்கள், வாங்கியிருக்கிறார். ஒன்று 1921, இன்னொன்று 1893, அதன் பின்பக்கம் குட்டியாக ஒரு 'எஸ்'. இரண்டும் கறுத்துக் கிடக்கின்றனவாம். விபூதி போட்டுத் தேய்க்கலாமா, என்ன விலை போகும் என்று கேட்கிறார்.

தேய்க்கவே தேய்க்காதீர்கள். பூஜை விளக்கைத் துலக்குங்கள், நாணயத்தை விட்டுவிடுங்கள். அதிகம் தேயாத வெள்ளி டாலரை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுற்றிவரும். அச்சு விழுந்த வேகத்தில் உலோகம் நகர்ந்து உண்டான நுண்ணிய வரிகள்தான் அதற்குக் காரணம், ஒருமுறை துலக்கினால் அவை போயே போச்சு, அப்புறம் எந்த மருந்து போட்டாலும் வராது. இயல்பாகப் படிந்த கறுப்பைக் குறையாக நினைக்காத சேகரிப்பாளர்கள், துலக்கிய கீறலை லென்ஸில் பார்த்தவுடன் விலையைப் பாதியாகக்கூடக் குறைப்பார்கள்.

சரி, 1921. அது சாதாரணம். 26.73 கிராம் எடையில் 90 சதவீதம் வெள்ளி, அதாவது மூன்று பவுன் எடைக்குச் சுத்த வெள்ளி. அந்த வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். இது இத்தனை மலிந்துபோனதற்குப் பின்னால் நம் ஊர்க் கதையும் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் மக்கள் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்க ஆரம்பித்தார்கள், கொடுக்க வெள்ளி இல்லாமல் பிரிட்டிஷ் அரசு திணறியது. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, பெரும்பகுதியை பிரிட்டனுக்கு விற்றது, அது இந்தியாவுக்கு வந்தது. உருக்கியதை மறுபடி அடித்து ஈடுகட்ட வேண்டும் என்பதும் அதே சட்டம். அதனால்தான் 1904இல் நின்றுபோன மார்கன் டாலரை 1921இல் திரும்ப எடுத்து, ஒரே வருடத்தில் 8 கோடிக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள். எந்த வருடத்து நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்காததால், பழசு என்பதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது.

1893தான் விஷயம். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை. அந்த வருடம் அங்கே அடித்தது 1 லட்சம் மட்டுமே, நன்றாகத் தேய்ந்ததே ஆயிரக்கணக்கான டாலர் போகும். அதனாலேயே போலி அதிகம், எஸ் இல்லாத பிலடெல்பியா நாணயத்தில் எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள். முதலில் எடை போடுங்கள், அசல் என்றால் ஏறத்தாழ மேலே சொன்ன எடைதான் இருக்கும். பிறகு லென்ஸை எடுத்து, முன்பக்கத்தில் இருக்கும் பெண் முகத்தின் தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' (LIBERTY) என்ற சொல்லின் 'டி' (T) எழுத்தைப் பாருங்கள். அசலில் அதன் மேற்பகுதியில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு புடைத்திருக்கும், அந்த வருடத்து 'எஸ்' நாணயங்களுக்கு முன்பக்க அச்சு ஒன்றே ஒன்றுதான், அதிலிருந்த கீறல் அது. நன்றாகத் தேய்ந்த நாணயத்தில் மங்கியிருக்கலாம். கோடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பாமல் யாரிடமும் விலை பேசாதீர்கள். அதுவரை விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள், பிவிசி கலந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பச்சைப் பிசுக்கு ஏறிவிடும்.