மாம்பாக்கத்தில் வாடகை வீடு

கேள்வி: சென்னையை அடுத்த சிறுசேரியில் வேலை கிடைத்துள்ளது. மாம்பாக்கம், கண்டிகை பக்கம் அடுக்ககங்களில் குறைந்த வாடகைக்கு வீடு பார்க்கிறேன். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். இது முறையா? – மதுரை வாசகி

பதில்: 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கையெழுத்திட்ட பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை என்பதால், பேரத்தை முன்பே முடித்துவிடுங்கள்; ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வலியுறுத்துங்கள்.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய தெருக்களில் வாடகை பொதுவாகக் குறையும். ஆனால் இரவுப் பணி முடிந்து இறங்கும்போது ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்று பாருங்கள். தெருமுனை மளிகைக் கடையில் விசாரித்தால், தரகருக்குத் தரும் ஒரு மாத வாடகை (அதுவும் சின்னத் தொகையல்ல) மிஞ்சக்கூடும்.

வீட்டைப் பார்க்கும்போது சமையலறைக் குழாயைத் திறந்து, ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால், மாதாமாதம் கேன் தண்ணீருக்கு ஆகும் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மின் இணைப்பு தனி மீட்டரில் உள்ளதா, வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலையா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.