சகோதரி மாநிலமும் மணக்கடவும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கர்நாடகமும் ஜெர்மனியின் பவேரியா மாநிலமும் 2007 முதல் கூட்டாளிகளாக இருப்பதைப் பற்றி வகுப்பில் பேசினார்கள். இரு நாடுகளின் மாநிலங்கள் இப்படிக் கைகோத்தால் சகோதரி மாநிலங்கள் என்கிறார்கள். வெளியுறவு ஒன்றிய அரசின் கையில் இருக்கும்போது ஒரு மாநிலம் இப்படிக் கையெழுத்திடுவது செல்லுமா? இவையெல்லாம் அமைச்சர்கள் வெளிநாடு சென்று படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாகவே எனக்குத் தெரிகின்றன. இதை முதுகலை ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா? முதலீட்டுக் கணக்கை எங்கே தேடுவது?

அரசியல் அறிவியல் மாணவர், கொழிஞ்சாம்பாறை, கேரளம்

அன்புள்ள தம்பிக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தால் எனக்கு அந்த நாள் முழுவதும் நிறைவாக இருக்கிறது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் தேர்வில் ஆங்கிலமுமாகப் படித்து மேலே வரும் நம் பக்கத்துப் பிள்ளைகளின் உழைப்பை நான் அறிவேன்.

சட்டக் கேள்விக்கு விடை எளிது. வெளிநாட்டுடன் உடன்படிக்கை செய்யும் அதிகாரம் ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் செய்வது உடன்படிக்கை ஆகாது, டெல்லியின் இசைவோடு எழுதும் புரிந்துணர்வுக் குறிப்பு மட்டுமே. இதற்காகவே வெளியுறவு அமைச்சகம் 2014இல் மாநிலங்கள் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. முதலீட்டுக் கணக்கைத் தேட வேண்டாம். ஒரு தொழிற்சாலை இந்த உறவால் வந்ததா, நிலமும் ஆளும் கிடைத்ததால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ‘படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு’ என்று எழுதினீர்களே, அதை நான் விடமாட்டேன். இந்த வயதில் இத்தனை சலிப்பு எங்கிருந்து வந்தது? ஒன்றைப் படிப்பதற்கு முன்பே பொய் என்று ஒதுக்குவதை நான் சோம்பல் என்றே சொல்வேன். 1959இல் ஜப்பானின் யமனாஷி மாகாணத்தை அடுத்தடுத்து இரண்டு புயல்கள் சிதைத்தன. அந்த மாகாணத்தை அறிந்திருந்த, அமெரிக்க விமானப்படையில் இருந்த அயோவாக்காரர் ரிச்சர்ட் தாமஸ், தம் மாநிலத்து உழவர்கள் உதவ வேண்டும் என்று முயன்றார். 1960 ஜனவரியில் 35 பன்றிகள் விமானத்தில் பசிபிக் கடலைத் தாண்டிச் சென்றன. அவற்றுக்குத் தீவனமாக மக்காச்சோளமும் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் அயோவாவும் யமனாஷியும் சகோதரி மாநிலங்களாயின. 1962இல் யமனாஷி நன்றியாகக் கொடுத்த பெரிய மணி அயோவாவின் தலைநகரான டெ மொயினில் சட்டமன்ற வளாகத்தில் இருக்கிறது. தொழுவத்தை இழந்து நின்ற அந்த யமனாஷி உழவரிடம் போய், இது படம் எடுப்பதற்கான ஏற்பாடு என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? அங்கே பன்றி முதலில் போயிற்று, கையெழுத்து பிறகு வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸும் ஜப்பானின் ஹொக்கைடோவும் 1990இல் சகோதரிகளானதற்கும் பின்கதை உண்டு. மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவர் வில்லியம் கிளார்க் 1876இல் ஹொக்கைடோவின் சப்போரோவுக்குச் சென்று அங்கே ஒரு வேளாண் கல்லூரி தொடங்க உதவினார். அவர் அங்கே தங்கியது ஏறத்தாழ எட்டு மாதம்தான். கொள்வினை கொடுப்பினை இருந்த இடத்தில்தான் உறவுமுறை சொல்லி அழைத்தார்கள்.

அப்படியானால் பல சகோதரி உறவுகள் ஏன் வாடிப்போகின்றன? இதைத்தான் நான் சில மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. அந்தக் குறிப்புகளில் ‘பண்பாட்டுப் பரிமாற்றம் ஊக்குவிக்கப்படும்’, ‘ஒத்துழைப்பு வலுப்படுத்தப்படும்’ என்பதைப் போன்ற வரிகளைக் காணலாம். எந்த ஆண்டில், யார், எத்தனை பேரை, யாரிடம் அனுப்ப வேண்டும் என்ற வரியைக் காண்பது அரிது. கணக்கு இல்லாத உறவில் பாக்கி கேட்க முடியாது. பாக்கி கேட்க முடியாத உறவில் சண்டை வராது. சண்டை வராத உறவை ஒருநாள் இரண்டு பக்கமும் மறந்துவிடுகின்றன.

நான் இதை நூல்களில் படிக்கவில்லை, மணக்கடவில் படித்தேன். கேரள எல்லையில், மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து என் தாய்மாமன் சைக்கிளில் அங்கே போவார். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்குத் தர வேண்டும். சித்தூர்ப் பகுதியின் வயல்கள் அதை நம்பியிருப்பவை. 1970இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் எனக்குத் தெரிந்தவரை மாமாவின் நீல அட்டை நோட்டில்தான் உயிரோடு இருந்தது. அணையின் மேல் எத்தனை உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது என்று அளவுகோலைப் பார்த்து அவர் குறிப்பார். தமிழ்நாட்டுப் பக்கத்து அலுவலர் ஒருவரும் பார்த்துக் குறிப்பார். அரை அங்குலத்துக்காக இருவரும் தொண்டை வறளக் கத்தியதை, பத்து வயதுப் பையனாகக் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதே மனிதர் என் அக்காளின் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து பந்தி பரிமாறினார். மாமா இறந்தபோது பொள்ளாச்சியிலிருந்து வந்து, பேச்சே இல்லாமல் மாலை வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தில் எத்தனையோ தகராறுகள் இன்றும் நிற்கின்றன; கோடைதோறும் இரண்டு அரசுகளும் கடிதம் எழுதிக்கொள்கின்றன. எழுதட்டும். எண் ஒன்று நடுவில் இருப்பதால்தான் அவர்கள் மீண்டும் மீண்டும் ஒரே மேசைக்கு வர வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆய்வேட்டுக்குத் தாராளமாக எடுங்கள், ஆனால் பவேரியா எவ்வளவு தந்தது என்று கேட்காதீர்கள். அந்த மாநிலம் பெங்களூருவில் அலுவலகம் வைத்திருக்கிறது. அது நல்ல அறிகுறி, ஏனெனில் அங்கே கதவைத் தட்டிக் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. எத்தனை மாணவர்கள் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஆண்டில் யாரும் போகவில்லை, போகாததை யார் தட்டிக்கேட்டார் என்று தேடுங்கள். குறிப்பாகக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். விடை கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். வழிகாட்டி முகம் சுளித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஜூலை முதல் நாள் புதிய நீராண்டு தொடங்குகிறது. உங்கள் ஊரிலிருந்து மணக்கடவு தொலைவில்லை. காலையிலேயே போய், வழியும் தண்ணீரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.